கூவத்தில் ஒரு தட்டோடு

மொட்டைமாடியில் வெயில் தாங்கப் பதிக்கும் சுட்ட மண் தட்டோடுதான் கூவம் ஆற்றின் உயிரிப்படலத்தை ஆராய முதல் கருவி. ஆற்றுக் கல்லில் கால் வைத்தால் வழுக்கும் உயிரிப்படலத்தில் யார் வாழ்கிறார்கள், என்ன வேலை செய்கிறார்கள் என்று அறிய அந்தக் கல்லையே எடுத்துச் சுரண்டலாம். ஆனால் அதன் பரப்பை அளப்பது கடினம். எத்தனை நாளாக நீரில் கிடக்கிறது என்பதும் தெரியாது. தட்டோட்டில் இரண்டும் நம் கணக்கில் இருக்கும். மேற்பூச்சு இல்லாததால் நுண்ணுயிர்கள் பற்றிக்கொள்ளப் போதிய சொரசொரப்பும் உண்டு.

ஓட்டை 5 செ.மீ. சதுரங்களாக வெட்டி, தேய்த்துக் கழுவி, 105 பாகை செல்சியஸில் உலர்த்த வேண்டும். பிறகு நான்கு சதுரங்களை ஒரு பேவர் பிளாக்கின் மேல் சிலிக்கான் பசையால் ஒட்டி, 24 மணி நேரம் காயவிட வேண்டும். பசை முழுதாகக் காயாமல் நீரில் இறக்கினால் ஓடு பெயரும்.

சென்னையை அடுத்த அண்ணனூருக்குப் பக்கத்தில் இதற்கு ஏற்ற இடம், ஆவடி–பூந்தமல்லி சாலையை ஒட்டிய பருத்திப்பட்டில் கூவத்தின் குறுக்கே உள்ள அணைக்கட்டு. அதன் மேல்புறம் நீர் தேங்கும், கீழ்ப்புறம் ஓடும். ஒரே நீரை இரு வேகங்களில் ஒப்பிடலாம். வடகிழக்குப் பருவமழை வெள்ளம் படலத்தை உரித்துவிடும் என்பதால், அது வடிந்த ஜனவரியில் தொடங்குவது நல்லது. இரு இடங்களிலும் 20 முதல் 30 செ.மீ. ஆழத்தில் ஓடு ஒட்டிய கற்களை வைத்து, நீரோட்ட வேகம், வெப்பநிலை, கரைந்த ஆக்சிஜன் மூன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். கழிவுநீர் கலக்கும் ஆறு. முழங்கை வரை கையுறை கட்டாயம்.

அதன்பின் நான்கு வாரங்கள் வேலை நுண்ணுயிர்களுடையது. முதல் சில மணி நேரத்திற்குள் நீரில் கரைந்த கரிமப் பொருள்கள் ஓட்டின் மேல் மெல்லிய பூச்சாகப் படியும். அதன்மேல் ஓரிரு மைக்ரோமீட்டர் நீளமுள்ள பாக்டீரியாக்கள் ஒட்டி, சர்க்கரைத் தொடர்களும் புரதங்களும் கலந்த கூழைச் சுரந்து தம்மை நிலைநிறுத்திக்கொள்ளும். நாள்கள் செல்லச் செல்ல, சிலிக்கா ஓடுடைய டயாட்டம் பாசிகள் அந்தக் கூழில் குடியேறும். படலம் தடிக்கும்போது மேலடுக்கில் ஒளிச்சேர்க்கையும், அடியில் ஆக்சிஜன் எட்டாத இடத்தில் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கும் வேலையும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த இடைவெளியில் நடக்கும்.

ஓட்டைக் கல்லிலிருந்து பெயர்த்து எடுத்ததும் சுரண்டக் கூடாது. படலம் உயிரோடு இருக்கும்போதே அதன் செயலை அளந்துவிட வேண்டும். ஆற்று நீர் நிரம்பிய, காற்றுக் குமிழி இல்லாத கண்ணாடிக் கலத்தில் ஓட்டை வைத்து, உள்ளே சிறு கலக்கியைச் சுழலவிட்டு, ஆக்சிஜன் மானியைச் செருக வேண்டும். கறுப்புத் துணி போர்த்திய ஒரு மணி நேரத்தில் குறையும் ஆக்சிஜன், சுவாசத்தின் அளவு. துணியை நீக்கிய அடுத்த மணி நேரத்தில் கூடுவது நிகர ஒளிச்சேர்க்கை. இரண்டையும் கூட்டினால் மொத்த ஒளிச்சேர்க்கை. ஓடு இல்லாமல் வெறும் நீர் கொண்ட கலத்தின் மாற்றத்தை ஒவ்வொன்றிலிருந்தும் முதலில் கழித்துவிட வேண்டும்.

இனி சுரண்டலாம். 25 சதுர செ.மீ. மேற்பரப்பை மட்டும் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, வடிகட்டிய நீரால் கழுவி, கலவையைச் சரியாக 100 மி.லி. ஆக்க வேண்டும். இந்த எண்ணின் அழகு உடனே தெரியும்: 4 மி.லி. எடுத்தால் ஒரு சதுர செ.மீ. படலம்.

பச்சையத்துக்கு 20 மி.லி. அதைக் கண்ணாடி இழைத் தாளில் வடிகட்டி, 90 விழுக்காடு அசிட்டோனில் இருட்டில் ஊறவைத்து, 664 நானோமீட்டர் ஒளியில் அளக்க வேண்டும். உயிர்ப்பொருளின் எடைக்கு 40 மி.லி.; 105 பாகையில் உலர்த்தி நிறுத்து, 500 பாகையில் ஒரு மணி நேரம் எரிக்க வேண்டும். கூவத்தின் வண்டலும் படலத்தில் சிக்கியிருக்கும் என்பதால் இந்தப் படி தவறக் கூடாது: எரிந்து போனதுதான் உயிர்ப்பொருள், மிஞ்சியது மண். களிமண் தன்னில் பிணைந்த நீரையும் உலையில் இழக்கும். ஆகவே சாம்பலை நனைத்து, மீண்டும் 105 பாகையில் உலர்த்திய பிறகே நிறுக்க வேண்டும். சோம்பல்பட்டவர்கள் தவிர்க்கும் படி இது.

டயாட்டங்களுக்கு 20 மி.லி. ஹைட்ரஜன் பெராக்சைடில் சூடாக்கினால் சதை கரைந்து சிலிக்கா ஓடுகள் மட்டும் நிற்கும். 1000 மடங்கு பெருக்கத்தில் 400 ஓட்டு மடல்களை எண்ணலாம். மாசைத் தாங்கும் நிட்ஸியா பாலியா மிகுந்திருந்தால் நீரின் நிலை புரிந்துவிடும்.

கடைசி 20 மி.லி. மரபணுவுக்கு. 0.22 மைக்ரோமீட்டர் வடிதாளில் பிடித்து உறையவைத்து, நுண்மணிகளோடு குலுக்கிச் செல்களை உடைத்து, டிஎன்ஏவைப் பிரிக்க வேண்டும். அதில் 16எஸ் ரைபோசோம் ஆர்என்ஏவுக்கான மரபணுவின் ஒரு துண்டைப் பெருக்கி, வரிசையைப் படித்தால் பாக்டீரியாக்களின் பெயர்ப்பட்டியல் கிடைக்கும். 1977இல் கார்ல் வோஸ், ஆர்க்கியா என்ற தனிக்குலத்தைப் பிரித்தறிய நம்பியதும் 16எஸ் ஆர்என்ஏவைத்தான். ஆனால் பட்டியல், யார் இருக்கிறார் என்று மட்டுமே சொல்லும். நைட்ரோஸ்பைரா இருப்பதாலேயே அது அம்மோனியாவையோ நைட்ரைட்டையோ மாற்றிக்கொண்டிருக்கிறது என்று எழுதிவிட முடியாது. கலத்து நீரின் அம்மோனியம், நைட்ரேட் அளவுகளை முன்னும் பின்னும் பார்த்திருந்தால்தான் அதற்குத் துணை கிடைக்கும்.

முடிவில் உயிர்ப்பொருளின் எடையைப் பச்சையத்தின் எடையால் வகுக்க வேண்டும். 50 முதல் 200 வரை வந்தால் பாசி ஓங்கிய படலம். அதற்கு மேல் போனால் கழிவை உண்ணும் பாக்டீரியாக்களின் கை ஓங்கியிருக்கிறது. சுரண்டிய சதுரங்களின் அடியில் உள்ள பசையைச் செதுக்கிவிட்டு, 500 பாகை உலையில் ஒரு மணி நேரம் வைத்தால் ஒட்டியிருக்கும் மிச்சமும் எரிந்துவிடும். சூளையில் வெந்த ஓடு அந்த வெப்பத்துக்கு அசையாது. அடுத்த நான்கு வாரங்களுக்கு அதையே இறக்கலாம்.