மகாலனோபிஸ்: மாதிரியெடுப்பும் மக்கள் வாழ்வும்

இன்று தரவு அறிவியல் எனப் பேசப்படும் துறை கணனியோடு பிறந்ததன்று. நம்பத்தக்க தரவை எவ்வாறு திரட்டுவது என்னும் வினாவே அதன் அடிப்படை. தென்னாசியாவில் அவ்வினாவைக் கல்வித்துறையாகவும் அரசின் கடமையாகவும் நிலைநாட்டியவர்களுள் முதன்மையானவர் பேராசிரியர் பிரசந்த சந்திர மகாலனோபிஸ் (1893–1972). அவரது பணியையும், மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்துக்கு அது உணர்த்துவதையும் சுருங்க விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கல்கத்தா பிரசிடென்சிக் கல்லூரியில் பௌதிகவியல் கற்பித்த மகாலனோபிஸ், 1931இல் இந்தியப் புள்ளிவிபரவியல் நிறுவனத்தை அமைத்தார். 1933இல் ‘சங்க்யா’ என்னும் ஆய்விதழைத் தொடங்கினார். சி. ஆர். ராவ் 1941இல் அந்நிறுவனத்திற் சேர்ந்து உலகப் புகழ் பெற்றார். பல அளவீடுகளை ஒருங்கே கொண்டு இரு குழுக்களிடையேயுள்ள வேறுபாட்டைக் கணிக்க மகாலனோபிஸ் 1936இல் வகுத்த ‘தூரம்’ இன்றும் கணனிவழிப் பகுப்பாய்வில் அவர் பெயராலேயே வழங்குகின்றது. 1956இல் தொடங்கிய இந்தியாவின் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் வரைவிலும் அவர் பங்கு பெரிது.

எனினும் அவரது தலையாய பணி வங்காளத்துச் சணல் வயல்களில் உருப்பெற்ற மாதிரியெடுப்பு முறையே. அதனைப் படுவான்கரை வயல்களைக் கொண்டு விளக்கலாம். பெரும்போக விளைச்சலை அறிய ஒவ்வொரு வயலையும் அளக்க வேண்டியதில்லை. எழுமாற்றாகத் தெரிந்த சில வயல்களில் குறித்த பரப்பை அறுத்து, சூடடித்து, நெல்லை நிறுத்தாற் போதும். ஆயின், அளப்பவர் தம் வசதிக்காக வீதியோரத்து வயல்களையே தெரிவாராயின் முடிவு பிழைத்துவிடும். இதனைக் கண்டறிய, ஒரே பிரதேசத்தில் இரு குழுவினர் தனித்தனி மாதிரிகளை எடுக்கும் முறையை அவர் வகுத்தார். மாதிரிக்கு இயல்பான வேறுபாட்டினும் மிகுதியாக முடிவுகள் முரண்படின், வழு அளந்தவரிடத்தே இருத்தல் கூடும். 1950இல் தொடங்கிய இந்திய தேசிய மாதிரி ஆய்வு, மாதிரியெடுப்பின் வழியே குடும்பங்களின் நுகர்வைப் பதிவுசெய்தது. வறுமை பற்றிய பிற்கால விவாதங்கட்கு அதுவே ஆதாரமாயிற்று.

ஆனால் மாதிரியைத் தெரிவதற்கு முதலில் பட்டியல் வேண்டும். எவ்வூரில் எத்தனை குடும்பம் என அறியாதவிடத்து எழுமாற்றுத் தெரிவு பொருளிழக்கும். மட்டக்களப்பு மாவட்டத்தின் நிலை இதற்குச் சான்று. 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் ஏறத்தாழ 3 இலட்சத்து 30 ஆயிரம் பேர் பதிவாகினர். போர்ச்சூழலால் 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு இங்கு முழுமையாக நடைபெறவில்லை. 2012இல் மீண்டும் முழுத்தொகை கிடைத்தபோது அது ஏறத்தாழ 5 இலட்சத்து 26 ஆயிரமாக இருந்தது. 2004இல் ஆழிப்பேரலை எழுவான்கரையைத் தாக்கியபோது, இறுதியான முழுக் கணக்கெடுப்பு 23 ஆண்டு பழைமையானது. அதற்குள் எத்தனையோ குடும்பங்கள் இடம்பெயர்ந்துவிட்டன.

எண்ணப்படாதோர் திட்டங்களிலும் இடம்பெறார். குறைவான தரவின் மீது எத்துணை நுட்பமான கணனி முறையைக் கட்டினும் அக்குறை நீங்காது. எண்களின் தோற்றத்தில் மறைந்து மேலும் வலுப்பெறும். வாவி மீனவர், வயற்கூலியாளர், மீளக்குடியேறியோர் ஆகியோரின் ஊர்ப்பட்டியல்களைக் காலந்தோறும் புதுப்பித்து, இரு குழுக்களால் ஒப்புநோக்கும் பணியை வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக மாணவரும் கிராம அமைப்புகளும் இணைந்து மேற்கொள்ளலாம். அதற்குப் பெரும் பொருளோ அரிய பொறிகளோ வேண்டியதில்லை. ஒழுங்கும் நேர்மையுமே வேண்டும்.