இந்தியச் செந்தேள்

இந்தியச் செந்தேள் (ஓட்டென்டோட்டா டாமுலசு) என்பது இந்தியா, பாகிசுத்தான், நேபாளம், யாழ்ப்பாணக் குடாநாடு ஆகிய இடங்களில் காணப்படும் கொடிய நச்சுத் தேளாகும். இது 5 முதல் 9 செ.மீ. வரை வளரும்.

இனங்காணல்

நிறம் செம்மஞ்சள் முதல் மங்கிய பழுப்பு வரை வேறுபடுவதால் அதை மட்டும் நம்பலாகாது. மெலிந்த இடுக்கிகளும் தடித்த வாலுமே சிறந்த அடையாளம். அச்சமூட்டும் பெரிய கருந்தேளின் இடுக்கிகள் பருத்தவை. அதன் நஞ்சோ வீரியம் குறைந்தது. தேள்கள் புறஊதா ஒளியில் நீலப்பச்சையாக ஒளிரும். எனவே இரவில் புறஊதாக் கைவிளக்கைக் கொண்டு தேடுவது எளிது. அண்மையில் தோலுரித்தவை ஒளிர்வதில்லை.

கட்டுப்படுத்தல்

பகலில் இவை கல், செங்கல், விறகுக் குவியல்களிலும் சுவர் வெடிப்புகளிலும் ஒளிந்திருக்கும். குவியல்களை அகற்றி, வெடிப்புகளையும் கதவடி இடைவெளிகளையும் அடைத்தல் வேண்டும். இரையாகும் கரப்பான்களை ஒழித்தால் தேள்களின் வரத்தும் குறையும். மருந்து தெளிப்பதால் மட்டும் பெரும்பயன் இல்லை. காலணிகளை உதறி அணிதல் நன்று.

கடி

நஞ்சு அட்ரினலின் போன்ற சுரப்புகளைப் பெருக்கி இதயத்தைத் தாக்குகிறது; நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கிறது. குழந்தைகளுக்கே ஆபத்து மிகுதி. மிகுந்த வியர்வை, வாந்தி, கைகால் சில்லிடல் ஆகியவை முன்னறிகுறிகள். மகாராட்டிர மருத்துவர் இம்மத்ராவ் பவாசுகர் 1980களில் பிராசோசின் என்னும் இரத்த அழுத்த மாத்திரையை இதற்குப் பயன்படுத்தினார். முன்பு ஏறத்தாழ 30 விழுக்காடாக இருந்த இறப்பு, அதன்பின் 4 விழுக்காட்டிற்கும் கீழே சென்றது. மருந்து தாமதமின்றிக் கிடைப்பதே முக்கியம் என்பதால், மந்திரிப்பதிலும் பச்சிலை கட்டுவதிலும் நேரத்தைக் கழிக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும்.