பிள்ளையை அனுப்பும் முன் வீட்டைத் தாங்குவோம்



ரமளான் நெருங்கும்போது நமது அலுவலகத்தில் அதிகம் கேட்கப்படுவது ஒரே கேள்விதான்: “யத்தீம் பிள்ளைகளுக்குக் கொடுக்க நினைக்கிறோம், எங்கே கொடுப்பது?” ஓர் இல்லத்தின் பெயரைச் சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் எதற்குக் கொடுக்கிறோம், எப்படிக் கொடுத்தால் அது பிள்ளைக்குப் பயன்படும் என்பதைத் தெரிந்துகொண்டு கொடுப்பதே நல்லது. அதற்காகவே இந்த விளக்கம்.

யார் அந்தப் பிள்ளை?

பருவ வயதுக்கு முன் தகப்பனை இழந்த பிள்ளையே ஷரீஅத்தின் பார்வையில் யத்தீம். ஆகவே பெரும்பாலான யத்தீம்களுக்குத் தாய் இருக்கிறாள். இல்லாமல் போனது வீட்டின் வருமானம்.

நம் பள்ளத்தாக்கில் இது எப்படி நடக்கிறது என்பதை நாம் அனைவரும் அறிவோம். கம்பம், உத்தமபாளையம், போடி ஊர்களிலிருந்து விடியுமுன்னே ஜீப்புகள் கிளம்புகின்றன. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி ஏலத் தோட்டங்களுக்குப் போகிறவர்கள் பொழுது சாயும்போதுதான் வீடு திரும்புகிறார்கள். கணவனும் மனைவியும் உழைத்து ஓடும் வீட்டில் கணவன் மவுத்தாகிவிட்டால், அல்லது படுக்கையில் விழுந்துவிட்டால், அந்தத் தாய் கூலிக்குப் போவதா, பிள்ளைகளைப் பார்ப்பதா? மூத்த மகள் தம்பி தங்கைகளைக் கவனிக்கப் பள்ளிக்கூடத்தை விடுகிறாள். மகன் ஒர்க்ஷாப்பிலோ பரோட்டாக் கடையிலோ நிற்கிறான். கடைசிப் பிள்ளை எங்கோ தூரத்தில் உள்ள விடுதிக்குப் போகிறது. ஒரு தகப்பனை இழந்த பிள்ளைகள் இப்போது தாயையும், ஒருவரை ஒருவரும் இழக்கிறார்கள்.

ஜி.கல்லுப்பட்டியில் செய்தது

நம் தேனி மாவட்டத்திலேயே, கெங்குவார்பட்டிக்கு அருகில் ஜி.கல்லுப்பட்டியில் ‘ரீச்சிங் தி அன்ரீச்ட்’ என்ற தொண்டு நிறுவனம் இருக்கிறது. 1925-இல் பிறந்து, இலங்கையில் பணியாற்றி, 1964-இல் இந்தியா வந்த கிறிஸ்தவத் துறவி பிரதர் ஜேம்ஸ் கிம்ப்டன் 1970-களில் தொடங்கியது. அவர் 2017-இல் காலமானார்.

ஆதரவற்ற பிள்ளைகளை ஒரே பெரிய கூடத்தில் வரிசையாகப் படுக்க வைக்காமல், சிறு சிறு வீடுகளைக் கட்டி, வீட்டுக்கு ஒரு வளர்ப்புத் தாயை வைத்து, சில பிள்ளைகளை அவர் பொறுப்பில் விட்டார்கள். அதோடு நிற்கவில்லை. சுற்றுக் கிராமங்களில் ஏழைகளுக்கு வீடு, குடிநீர்க் கிணறு, கல்வி, மருத்துவம் என்றும் செலவிட்டார்கள். வீடே இல்லாத பிள்ளைக்கு வீட்டைப் போன்ற ஓர் இடம், வீடு இருக்கும் பிள்ளைக்கு அந்த வீடு இடியாமல் ஒரு தாங்கல். மார்க்கம் வேறானாலும் இந்த ஒழுங்கு நாம் கற்க வேண்டியது.

அரசின் உதவிகள்

தாயிடமிருந்து பிள்ளையைப் பிரிக்காமல் காக்க அரசிலும் வழி உண்டு. பலருக்குத் தெரிவதில்லை.

1. மத்திய அரசின் ‘மிஷன் வாத்சல்யா’ திட்டத்தில் நிதி ஆதரவு: பிள்ளை ஒன்றுக்கு மாதம் 4,000 ரூபாய். விதவை, விவாகரத்தான அல்லது கைவிடப்பட்ட தாயின் பிள்ளைகள், உறவினர் வீட்டில் வளரும் அனாதைப் பிள்ளைகள், பெற்றோர் கடும் நோயில் இருக்கும் பிள்ளைகள் இதில் அடங்குவர். குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000 ரூபாய்க்கும், மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்கும் மேற்படக் கூடாது.

2. தமிழக அரசு 2025-இல் தொடங்கிய ‘அன்புக் கரங்கள்’: பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க இயலாத நிலையில் உள்ள பிள்ளைகளுக்கும் மாதம் 2,000 ரூபாய்.

இவற்றுக்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுக வேண்டும். இறப்புச் சான்று, வருமானச் சான்று, ஆதார், பள்ளிச் சான்று, வங்கிக் கணக்கு எல்லாம் தயாராக வேண்டும். ஒருநாள் கூலியை விட்டால் அடுப்பெரியாத தாய் இதற்காக எத்தனை நாள் அலைவாள்? படித்த ஒருவர் உடன் சென்று மனு எழுதிக் கொடுப்பதும் பெரிய சதகாதான். பிள்ளை வேலைக்கு அனுப்பப்பட்டாலோ, அடி உதைக்கு ஆளானாலோ 1098 என்ற எண்ணுக்கு இரவிலும் பேசலாம். 14 வயது நிறையாத பிள்ளையை வேலைக்கு வைப்பது குற்றம்.

ஜகாத்தா, சதகாவா?

ஜகாத் பெறும் எட்டுப் பிரிவினரில் யத்தீம் என்று தனிப் பிரிவு இல்லை. ஏழை என்பதால்தான் அவருக்கு ஜகாத் சேரும். தகப்பன் சொத்து விட்டுச் சென்றிருந்தால் அந்தப் பிள்ளைக்கு வேண்டியது ஜகாத் அல்ல, சொத்தை யாரும் விழுங்காத பாதுகாப்பு. கட்டடம் கட்ட, பிற சமய ஏழைப் பிள்ளைகளுக்கு உதவ சதகா கொடுங்கள். ஐயமிருந்தால் உங்கள் பள்ளி இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இல்லத்துக்குக் கொடுக்கும் முன்

தாயும் உறவும் இல்லாத பிள்ளைகளுக்கு இல்லம் தேவைதான். ரசீதுப் புத்தகத்துடன் வருபவரிடம் இவற்றைக் கேளுங்கள்:

- 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி இல்லம் பதிவு பெற்றிருக்கிறதா?
- குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவுடன் பிள்ளைகள் சேர்க்கப்படுகிறார்களா?
- உறவினர் வந்து பார்க்க அனுமதி உண்டா? அண்ணன் தம்பி ஒரே இடத்தில் இருக்கிறார்களா?
- தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கைக் காட்டுவார்களா?

நல்ல நிர்வாகம் இக்கேள்விகளுக்கு முகம் சுளிக்காது. இன்னொன்று: கொடுக்கும்போது பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுக்க வேண்டாம். பாதுகாப்பில் உள்ள பிள்ளையின் அடையாளத்தைப் பத்திரிகையில் வெளியிடுவதை அதே சட்டம் தடுக்கிறது. நாளை அந்தப் பிள்ளை நம் தெருவில் தலை நிமிர்ந்து நடக்க வேண்டும்.

நாம் வேண்டுவது

ரமளானில் வரும் பெருந்தொகை துணிக்கும் அரிசிக்கும் போய்விடுகிறது. ஷவ்வாலில் மீண்டும் வீட்டு வாடகை வருகிறது, ஜூனில் பள்ளிச் செலவு வருகிறது. எனவே ஒருமுறை தரும் பெருந்தொகையைவிட, பன்னிரண்டு மாதமும் தவறாமல் வரும் சிறு தொகை ஒரு தாயை நிம்மதியாக உறங்க வைக்கும். நான்கு நண்பர்கள் சேர்ந்து ஒரு குடும்பத்தின் வாடகையை ஏற்றாலே ஒரு பிள்ளை ஊரை விட்டுப் போகாது.

உங்கள் தெருவில் ஒரு பிள்ளை பள்ளிக்கு வருவது நின்றுபோனால் அதை முதலில் அறிபவர் நீங்கள்தான். நமது அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பெயர் வெளியே போகாது.

யத்தீம்களின் உரிமையைப் பேணுவோரில் அல்லாஹ் நம் அனைவரையும் சேர்த்தருள்வானாக, ஆமீன்.