நாளை வரை காத்திருங்கள்

1997 ஜூன் 13, வெள்ளிக்கிழமை. தெற்கு தில்லி கிரீன் பார்க்கில் உள்ள உப்ஹார் திரையரங்கில் அன்றுதான் வெளியான 'பார்டர்' படத்தின் பிற்பகல் காட்சி. தரைத்தளத்து மின்மாற்றியில் பற்றிய தீயின் புகை மாடி இருக்கைகளுக்கு ஏறியது. வெளியேற வழியின்றி மூச்சுத் திணறியும் நெரிசலில் சிக்கியும் 59 பேர் மாண்டார்கள். அந்தச் செய்தியை தூர்தர்ஷன் மெட்ரோ அலைவரிசையில் 'ஆஜ் தக்' நேயர்களுக்குச் சொன்னவர், தாடியும் மூக்குக் கண்ணாடியுமாக எளிய தோற்றம் கொண்ட 48 வயதுக்காரர். சொல்லி முடித்தபோது குரல் கனத்திருந்தது. வாழ்க்கை தன் வேகத்தில் ஓடிக்கொண்டேதான் இருக்கும் என்ற பொருள்பட ஏதோ சொல்லிவிட்டு விடைபெற்றார்.

சில நாள்களில் அவருக்கு மூளையில் ரத்தக் கசிவு ஏற்பட்டது. ஜூன் 27ஆம் தேதி தில்லி மருத்துவமனையில் காலமானார் சுரேந்திர பிரதாப் சிங். உப்ஹார் செய்திதான் அவரைக் கொன்றது என்று வட இந்தியப் பத்திரிகை வட்டாரத்தில் இன்றும் சொல்வார்கள். மருத்துவர்கள் ஒப்புக்கொள்ளும் காரணமல்ல அது. ஆனால் அந்த நிகழ்ச்சியைப் பார்த்தவர்களிடம் வாதாடிப் பயனில்லை.

எஸ்.பி. என்ற இரண்டெழுத்தில் அறியப்பட்ட அவரைச் செய்தி வாசிப்பாளர் என்று சொல்வது முழு உண்மையாகாது. வாசிப்பாளர் என்றால் அந்நாளில் நம் மனதில் எழுந்த உருவம் வேறு. பட்டுப் புடவை, கூந்தலில் ரோஜா, பிசிறில்லாத உச்சரிப்பு, எழுதிக் கொடுத்ததை எழுதியபடி சொல்லும் நயம். தமிழ்நாட்டில் ஷோபனா ரவியின் உச்சரிப்புக்கு இருந்த மதிப்பு வடக்கே சல்மா சுல்தானுக்கு இருந்தது. குறை அவர்களிடம் இல்லை. அவர்கள் கையில் தரப்பட்ட தாளில் இருந்தது. 1984 அக்டோபர் 31 அன்று இந்திரா காந்தி சுடப்பட்டது காலையில். சல்மா சுல்தான் அவரது மரணத்தை அறிவித்தபோது மாலையாகிவிட்டது. அதற்குள் பி.பி.சி. வானொலி மூலம் பாதி நாட்டுக்குச் செய்தி தெரிந்திருந்தது.

எஸ்.பி. அந்தத் தாளைத் தானே எழுதியவர். உத்தரப் பிரதேசத்தின் காஜிப்பூர் மாவட்டத்தில் 1948இல் பிறந்து, கல்கத்தா அருகே வளர்ந்து, கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் இந்தி இலக்கியம் படித்தவர். பம்பாயில் தர்மவீர் பாரதி ஆசிரியராக இருந்த 'தர்மயுக்' இதழில் தொழில் பழகினார். எமர்ஜென்சி முடிந்த 1977இல் கல்கத்தாவிலிருந்து ஆனந்த பஜார் குழுமம் தொடங்கிய 'ரவிவார்' வார இதழ்தான் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. கவிதையும் கட்டுரையுமாக இருந்த இந்தி வார இதழ் உலகில், கிராமத்துக்குப் போய்க் கேட்டு எழுதும் பழக்கத்தைக் கொண்டுவந்த ஏடு அது. பிறகு 'நவபாரத் டைம்ஸ்' நாளிதழில் ராஜேந்திர மாத்தூருடன் பணி. 1990இல் மண்டல் பரிந்துரைகளை எதிர்த்து இந்திப் பத்திரிகைகள் பொங்கியெழுந்தபோது, அவற்றை ஆதரித்த மிகச் சில ஆசிரியர்களில் அவரும் ஒருவர். பிறப்பால் அவர் ராஜபுத்திரர் என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும்.

தொலைக்காட்சிக்கு வந்தது அதற்கெல்லாம் பிறகுதான். 1995 ஜூலை 17 முதல் மெட்ரோ அலைவரிசையில் இருபது நிமிடச் செய்தி நிகழ்ச்சியாக 'ஆஜ் தக்' ஒளிபரப்பாயிற்று. தயாரித்தது தனியார் நிறுவனம், அலைவரிசையோ அரசாங்கத்துடையது. அரசின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அரசைப் பற்றிப் பேச வேண்டிய நிலை. இந்த இக்கட்டை எஸ்.பி. சமாளித்த விதம் சுவாரசியமானது. உரத்துப் பேசவில்லை. மொழியை மாற்றினார்.

இந்த விஷயம் தமிழ் வாசகருக்கு எளிதில் புரியும். மேடைத் தமிழும் வீட்டுத் தமிழும் எவ்வளவு தூரம் விலகி நிற்கும் என்று நமக்குத் தெரியாதா? அரசாங்க இந்தி அப்படி சமஸ்கிருதம் கனத்த மொழி. அமைச்சர் 'அவகத்' செய்வார், அதிகாரி 'நிர்தேஷ்' வழங்குவார். கடைத்தெருவில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. எஸ்.பி.யோ உருதுச் சொல்லையும் ஆங்கிலச் சொல்லையும் ஒதுக்காமல், டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் சொல்வதுபோலச் செய்தி சொன்னார். முடிவில் தினமும் ஒரே விடைபெறுதல்: "யே தீ கபரேங் ஆஜ் தக், இந்தஜார் கீஜியே கல் தக்." இன்று வரையிலான செய்திகள் இவை, நாளை வரை காத்திருங்கள். இந்த வாசகம் வட இந்திய வீடுகளில் குழந்தைகள் வாயிலும் புழங்கியது.

1995 செப்டம்பர் 21 நினைவிருக்கிறதா? பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று நாடு முழுவதும், லண்டன் வரைக்கும்கூட, ஸ்பூனும் கிண்ணமுமாகக் கோயில் வாசலில் வரிசை நின்ற நாள். படித்தவர்களும் பதவியில் இருந்தவர்களும் அந்த வரிசையில் இருந்தார்கள். 'ஆஜ் தக்' தொடங்கி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. பக்தர்களைக் கேலி செய்திருக்கலாம், அல்லது விஞ்ஞானி ஒருவரை உட்காரவைத்துப் பரப்பு இழுவிசை பற்றிப் பாடம் நடத்தியிருக்கலாம். எஸ்.பி.யின் குழு தெருவோரத்தில் செருப்புத் தைக்கும் தொழிலாளியிடம் போனது. செருப்பை மாட்டித் தட்டும் அந்த மூன்று கால் இரும்பின் முனையில் பால் ஸ்பூனை வைத்தார்கள். இரும்பும் பால் குடித்தது! வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

பார்ப்பவருக்கும் மூளை உண்டு என்ற நம்பிக்கை அதில் தெரிகிறது. நாட்டின் செய்தித் தொலைக்காட்சி வரலாற்றில் அதைவிடச் சிறந்த அரை நிமிடத்தை நான் கண்டதில்லை.

ஆனாலும் ஒரு நெருடல் உண்டு. செய்தியைச் சொல்லிவிட்டுத் தன் கருத்தையும் ஒரு வரியில் சேர்த்துச் சொல்லும் வழக்கத்துக்கு இந்தித் திரையில் கதவு திறந்தவர் எஸ்.பி. தான். அவரிடம் அது ஒரு வரியோடு நின்றது, பின்னால் இருபது ஆண்டுப் பத்திரிகை அனுபவம் இருந்தது, கடிகாரத்தில் இருபது நிமிடம் மட்டுமே இருந்தது. 2000ஆம் ஆண்டின் கடைசி நாளில் 'ஆஜ் தக்' இருபத்து நான்கு மணி நேர அலைவரிசையாக மாறியது. மற்றவையும் வரிசையாக வந்தன. நேரம் ஏராளமாகக் கிடைத்தபோது, அந்த ஒரு வரி மணிக்கணக்கில் நீண்டது. அதே கதவு வழியாகத்தான் இன்றைய இரைச்சலும் உள்ளே வந்தது என்று யாராவது சொன்னால் மறுப்பது கடினம். பழியை அவர்மீது போடுவது மட்டும் நியாயமாகாது.

தான் தொடங்கிய நிகழ்ச்சியை அவர் இரண்டு ஆண்டுகள்கூட முழுதாக நடத்தவில்லை. அவர் சொன்ன உப்ஹார் செய்தியோ ஓய்வதாக இல்லை. பிள்ளைகளை இழந்த பெற்றோர் சங்கம் அமைத்து நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கினார்கள். 2015இல் உச்ச நீதிமன்றம் திரையரங்க உரிமையாளர்களான சகோதரர்களுக்கு ஆளுக்கு 30 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2017இல் அவர்களில் ஒருவரை மட்டும் எஞ்சிய சிறைத் தண்டனையை அனுபவிக்கச் சொன்னது. வழக்கின் ஆவணங்களைச் சிதைத்த குற்றத்துக்காக 2021இல் தில்லி நீதிமன்றம் மறுபடியும் தண்டனை வழங்கியபோது, தீ பிடித்து 24 ஆண்டுகள் ஆகியிருந்தன.