பில்லில் ஏறும் சர்வீஸ் சார்ஜும் சர்வருக்குச் சேர வேண்டிய டிப்ஸும்

ஹோட்டலில் சாப்பிட்டு முடித்ததும் சோம்பும் கல்கண்டும் வைத்த தட்டோடு பில் வருகிறது. நம்மில் பெரும்பாலோர் அடியில் உள்ள மொத்தத் தொகையை மட்டும் பார்த்துவிட்டு கார்டையோ போனையோ எடுத்துவிடுகிறோம். கவனிக்க வேண்டியவை அதற்கு மேலே உள்ள நாலைந்து வரிகள்தான். சாப்பிட்டவற்றின் விலை இருக்கும். சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று இரண்டரை இரண்டரை சதவீதமாக 5 சதவீத வரி இருக்கும். இவற்றுக்கு நடுவில் ‘சர்வீஸ் சார்ஜ்’ என்று இன்னொரு 5 அல்லது 10 சதவீதம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

இதை அரசாங்க வரி என்று நினைத்துக் கட்டிவிட்டு வருபவர்கள் இன்றும் நிறையப் பேர். முன்பு சேவை வரி என்று ஒன்று இருந்தது. 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்ததும் அது போய்விட்டது. சர்வீஸ் சார்ஜ் என்பது ஹோட்டல்காரர் தாமாகப் போட்டுக்கொள்ளும் தொகை. அது நேராகக் கல்லாவுக்குப் போகிறது.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நான்கு பேர் சாப்பிட்டது 1,200 ரூபாய். 5 சதவீத ஜிஎஸ்டி 60 ரூபாய் சேர்த்தால் 1,260. இதே பில்லில் 10 சதவீத சர்வீஸ் சார்ஜ் இருந்தால் 120 ரூபாய் கூடி 1,320 ஆகிறது. ஜிஎஸ்டி அந்த 1,320-க்குப் போடப்படுவதால் வரி 66 ரூபாய். கட்ட வேண்டியது 1,386. உங்களைக் கேட்காமலேயே 126 ரூபாய் கூடுதலாகப் போகிறது; அதில் 6 ரூபாய், தேவையே இல்லாத கட்டணத்துக்கு நீங்கள் கட்டும் வரி. அறை வாடகை நாளுக்கு 7,500 ரூபாயைத் தாண்டும் பெரிய ஹோட்டல்களில் உள்ள உணவகங்களில் ஜிஎஸ்டி 18 சதவீதம் என்பதால் அங்கே இந்த வித்தியாசம் இன்னும் பெரிது.

இப்படி வசூலிக்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ல் வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. சர்வீஸ் சார்ஜைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது. வேறு பெயரிலும் வசூலிக்கக் கூடாது. அது விருப்பத்தின் பேரில் தருவது என்பதை வாடிக்கையாளருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். தர மறுத்தால் உள்ளே விடமாட்டோம், பரிமாறமாட்டோம் என்று சொல்லக் கூடாது. சாப்பாட்டுப் பில்லோடு சேர்த்து அதற்கும் ஜிஎஸ்டி போடக் கூடாது. இதை எதிர்த்து உணவக உரிமையாளர் சங்கங்கள் இரண்டு டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. முதலில் இடைக்காலத் தடை கிடைத்தது. 2025 மார்ச் 28-ல் நீதிபதி பிரதிபா எம். சிங் அந்த மனுக்களைத் தள்ளுபடி செய்து, கட்டாய வசூல் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தார். மனு போட்ட சங்கங்களுக்குத் தலா 1 லட்சம் ரூபாய் செலவுத் தொகையும் விதித்தார். சங்கங்கள் மேல்முறையீட்டுக்கும் போயின. ‘எங்கள் கடையில் சர்வீஸ் சார்ஜ் உண்டு’ என்று வாசலிலோ மெனுவிலோ எழுதி வைத்துவிட்டால் போதும் என்று, இந்தத் தீர்ப்பு நிற்கும்வரை யாரும் சொல்ல முடியாது.

பில்லில் சர்வீஸ் சார்ஜைக் கண்டால் சர்வரிடம் கோபப்படாதீர்கள். பில்லை மாற்றும் அதிகாரம் அவருக்கு இல்லை. வாடிக்கையாளரின் கோபமும் முதலாளியின் கோபமும் கடைசியில் அவர் தலையில்தான் விடியும். மேனேஜரைக் கூப்பிட்டு, “சர்வீஸ் சார்ஜை எடுத்துட்டு வேற பில் போட்டுக் குடுங்க” என்று சொன்னால் போதும். பெரும்பாலான கடைகளில் அதோடு முடிந்துவிடும். மறுத்தால் பணத்தைக் கட்டிவிட்டு, ‘ஆட்சேபத்துடன் செலுத்தினேன்’ என்று பில்லில் எழுதி போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மெனுவில் சர்வீஸ் சார்ஜ் பற்றி எழுதியிருந்தால் அதையும் எடுத்துவையுங்கள்.

பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழையுங்கள், தமிழிலேயே பேசலாம். அவர்கள் கடைக்காரரிடம் பேசிப் பணத்தைத் திருப்பி வாங்கித் தர முயல்வார்கள். மாவட்ட ஆட்சியரிடமும் புகார் தரலாம். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். சென்னையில் சாப்பிட்ட திருநெல்வேலிக்காரர் அதற்காகச் சென்னைக்கு அலைய வேண்டாம். பில் தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் வழக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தர வேண்டும். 126 ரூபாய்க்கு இவ்வளவு பாடா என்று தோன்றலாம். ஒரு நாளைக்கு அந்தக் கடையில் எத்தனை மேஜை நிரம்புகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

இத்தனையும் சொல்வது, மிச்சமான காசைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து போவதற்காக இல்லை. சர்வீஸ் சார்ஜ் கட்டிவிட்டோம், சர்வருக்குப் போய்விடும் என்று நம்பி டிப்ஸ் வைக்காமல் எழுந்துவிடுபவர்கள் உண்டு. அந்தத் தொகையில் அவருக்கு ஒரு ரூபாய் போனதா என்று அறிய நமக்கு எந்த வழியும் இல்லை. டிப்ஸின் கதை வேறு. 2016-ல் ஐ.டி.சி. நிறுவனத்தின் வருமான வரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. வாடிக்கையாளர் கார்டு மூலம் தரும் டிப்ஸ் ஹோட்டல் கணக்கில் விழுந்தாலும் அது ஹோட்டலின் வருமானம் ஆகாது. ஊழியர்களுக்காக நம்பிக்கையின் பேரில் ஹோட்டல் வைத்திருக்கும் பணம் அது. முதலாளி தரும் சம்பளமும் ஆகாது என்றது நீதிமன்றம். நீங்களாகத் தரும் டிப்ஸுக்கு ஜிஎஸ்டியும் கிடையாது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு சர்வரைக் கவனியுங்கள். ஒரு மேஜைக்கு ரசம், பக்கத்து மேஜையில் இரண்டாம் சோறு, மூலையில் இருக்கும் பெரியவருக்கு உப்பில்லாத கூட்டு, குழந்தைக்குத் தனியாக நெய். எதையும் எழுதிக்கொள்ளாமல் அத்தனையும் நினைவில் வைத்து, கூப்பிட்ட குரலுக்கெல்லாம் திரும்பி, மணிக்கணக்காக நின்றபடியே இருக்கிறார். இன்று பல ஊர்களில் அவர் பீகாரிலிருந்தோ அசாமிலிருந்தோ வந்த இளைஞர். தமிழில் சாம்பாரும் சட்னியும் பேசக் கற்று, சம்பளத்தை ஊருக்கு அனுப்புகிறார்.

எவ்வளவு தரலாம்? சட்டம் எதுவும் சொல்லவில்லை. என் கணக்கு இது: உட்கார்ந்து சாப்பிடும் ஹோட்டலில், வரி சேர்க்காத சாப்பாட்டு விலையில் 5 முதல் 10 சதவீதம். மேலே சொன்ன 1,200 ரூபாய்க்கு 60 முதல் 120 வரை. இரண்டு பேர் இட்லி, காபி சாப்பிட்ட சின்ன பில்லுக்குச் சதவீதம் பார்க்க வேண்டாம். 10, 20 ரூபாய் போதும். கூப்பன், தள்ளுபடி எதிலாவது பில் குறைந்திருந்தால் குறைவதற்கு முன்னிருந்த விலைக்குக் கணக்குப் போடுங்கள்; சர்வர் சுமந்து வந்த தட்டுகள் குறையவில்லையே. பத்துப் பன்னிரண்டு பேர் குழந்தைகளோடு போய் மேஜையைக் கலைத்துவிட்டு வந்தால் தாராளமாகத் தாருங்கள். தோசை தாமதமானதற்குச் சர்வரைத் தண்டிக்காதீர்கள். அது சமையல்கட்டின் குறை. மரியாதையில்லாமல் நடந்துகொண்டால் எதுவும் தராமல் எழுந்துவரும் உரிமை உங்களுக்கு முழுமையாக உண்டு. டோக்கன் வாங்கி நாமே எடுத்து வந்து சாப்பிடும் கடையில் டிப்ஸ் அவசியம் இல்லை. எச்சில் தட்டை எடுத்து மேஜை துடைக்கும் அம்மாவுக்கு ஒரு பத்து ரூபாய் கொடுக்கலாம். அவரை யாரும் நினைப்பதில்லை.

போன் மூலம் பணம் கட்டத் தொடங்கியபின் சில்லறை கையில் இருப்பதில்லை. மேஜையில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கடையின் கணக்குக்குப் போகிறது. அதில் கூடுதலாக 50 ரூபாய் போட்டுவிட்டு டிப்ஸ் கொடுத்ததாக நினைத்துக்கொள்ளாதீர்கள். “உங்க நம்பர் சொல்லுங்க தம்பி” என்று கேட்டு அவருக்கே அனுப்பலாம். இல்லையென்றால் வெளியே போகும்போது சில பத்து ரூபாய் நோட்டுகளைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம்.

சில கடைகளில் டிப்ஸ் எல்லாம் ஒரு பெட்டியில் சேர்ந்து, இரவில் சமையல்காரர், கிளீனர் எல்லோருக்கும் பிரிகிறது. அது நியாயமான ஏற்பாடு. முதலாளி அந்தப் பெட்டியில் கைவைத்தாலும், டிப்ஸ் வருகிறதே என்று சொல்லிக் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே சம்பளம் தந்தாலும் ஊழியர் தொழிலாளர் துறை அலுவலகத்தில் முறையிடலாம். வழக்கு நடத்த வசதியில்லாதவர்களுக்கு ஒவ்வொரு மாவட்டத்திலும் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தருகிறது. அதற்கான எண் 15100. உங்களுக்குப் பழக்கமான சர்வரிடம் அடுத்த முறை இந்த எண்ணைச் சொல்லிவையுங்கள்.