மாநிலம் வேண்டாம் என்றவர்கள்

பகுதி 9

போன வாரம் பார்த்த ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 32 ஆண்டு ஆட்சியை ஊழல் விசாரணை ஒன்று வேரோடு ஆட்டிவைத்தது. போலீஸ் கமிஷனரே பின்னாளில் சிறைக்குப் போன மாநிலம் அது. 1989 தேர்தலில் அந்த ஆட்சி கவிழ்ந்ததில் ஆச்சரியப்பட அதிகம் இல்லை. அதற்கு மேற்கே ஒட்டிக் கிடக்கும் நார்தர்ன் டெரிட்டரியில் 2001 ஆகஸ்ட் 18 அன்று நடந்த தேர்தல் அத்தனை எளிதாக விளங்கிவிடுவதில்லை. அங்கே ஆளுங்கட்சியைக் கூண்டில் ஏற்றிய அப்படியொரு விசாரணை நடக்கவில்லை. கட்சி இரண்டாக உடையவும் இல்லை. 1974-ல் சட்டமன்றம் பிறந்ததிலிருந்து ஒரு தேர்தலில்கூடத் தோற்றிராத கன்ட்ரி லிபரல் கட்சி, நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான் 25 இடங்களில் 18-ஐப் பிடித்திருந்தது. இம்முறை அதற்குக் கிடைத்தவை 10. லேபர் கட்சிக்கு 13, சுயேச்சைகளுக்கு 2. ஒரே ஒரு இடம் கூடுதல் என்ற பலத்தில் கிளேர் மார்ட்டின் முதலமைச்சரானார். டெரிட்டரியின் முதல் லேபர் முதல்வர் அவர். முதல் பெண் முதல்வரும் அவரே. இந்தத் தோல்விக்கு 2001-ன் பிரசாரத்தில் காரணம் தேடுகிறவர்கள் தவறான இடத்தில் தேடுகிறார்கள் என்பது என் கருத்து. ஆளுங்கட்சி உண்மையில் தோற்ற நாள் 1998 அக்டோபர் 3.

அன்று என்ன நடந்தது என்று சொல்வதற்கு முன், அந்த ஊரின் அமைப்பைப் புரிந்துகொள்ள வேண்டும். டெரிட்டரி ஒரு மாநிலம் அல்ல. யூனியன் பிரதேசம் என்றால் நமக்குச் சட்டென்று புரியும். 13 லட்சம் சதுர கிலோமீட்டரைத் தாண்டும் நிலப்பரப்பில் அப்போது வாழ்ந்தவர்கள் சுமார் 2 லட்சம் பேர். அவர்களில் நாலில் ஒருவருக்கும் மேல் பூர்வகுடிகள். 1978 ஜூலை 1 அன்று தன்னாட்சி கிடைத்தது என்றாலும் கடிவாளம் தலைநகர் கான்பெராவிடமே இருந்தது. டெரிட்டரி சட்டமன்றம் இயற்றும் எந்தச் சட்டத்தையும் மத்திய நாடாளுமன்றம் செல்லாததாக்கலாம். ஏட்டில் மட்டும் இருந்த அதிகாரம் அல்ல இது. 1995-ல் டெரிட்டரி இயற்றிய கருணைக்கொலைச் சட்டத்தை 1997-ல் கான்பெரா அப்படித்தான் முடக்கியது. 1976-ல் மத்திய நாடாளுமன்றம் இயற்றிய பூர்வகுடி நில உரிமைச் சட்டமும் டெரிட்டரி அரசின் கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. அந்தச் சட்டத்தின் வழியாக டெரிட்டரி நிலத்தில் ஏறத்தாழப் பாதி, காலப்போக்கில் அதன் பூர்வகுடி உரிமையாளர்களிடம் திரும்பிப் போனது.

கன்ட்ரி லிபரல் கட்சியின் வெற்றிச் சூத்திரம் இங்கேதான் பிறந்தது. டார்வின், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரங்களின் வாக்காளரிடம் போய், உங்கள் வாழ்வைத் தூரத்திலிருந்து கான்பெரா ஆட்டுவிக்கிறது, உங்கள் நிலத்தை நில உரிமைக் கோரிக்கைகள் விழுங்குகின்றன, உங்களுக்காகச் சண்டைபோட எங்களை விட்டால் ஆளில்லை என்று சொல்வது. 1983 நவம்பரில் உலுரு பாறையை ஆனங்கு மக்களிடம் ஒப்படைக்கப்போவதாகப் பிரதமர் பாப் ஹாக் அறிவித்தார். முதல்வர் பால் எவரிங்ஹாம் உடனே அதை எதிர்த்துத் தேர்தலுக்குப் போனார்; டிசம்பரில் 25-ல் 19 இடங்களை அள்ளினார். டார்வின் துறைமுகத்துக்கு எதிரே இருக்கும் காக்ஸ் தீபகற்பத்தின் கதை இன்னும் கூர்மையானது. நகர எல்லைக்குள் இருக்கும் நிலத்தை நில உரிமைச் சட்டத்தின்கீழ் கோர முடியாது என்று ஒரு விதி உண்டு. லராக்கியா மக்கள் அந்தத் தீபகற்பத்தைக் கேட்கப்போகிறார்கள் என்ற நிலையில், 1978 டிசம்பரில் டெரிட்டரி அரசு டார்வின் நகர எல்லையைச் சுமார் 4,350 சதுர கிலோமீட்டருக்கு நீட்டியது. லண்டன் மாநகரத்தைப் போல் இரண்டரை மடங்குக்கும் மேல் பெரிய நகரம், வரைபடத்தில் மட்டும். அந்தக் கோட்டுக்குள் பெரும்பகுதி காடும் சதுப்பும்தான். அந்த எல்லை என்ன நோக்கத்தோடு வரையப்பட்டது என்று ஆராய்வதை அரசு தடுக்க முடியாது என 1981-ல் உயர் நீதிமன்றம் சொன்னது. ஆனால் வழக்குகள் ஓயவில்லை. 1979-ல் கொடுத்த கோரிக்கைக்கு நிலப் பத்திரம் கைக்கு வந்தது 2016-ல். கேட்டவர்களில் பலர் அதற்குள் மண்ணுக்குள் போய்விட்டார்கள்.

பகை காட்டி வளரும் அரசியலுக்கு ஆண்டுதோறும் புதிய தீனி வேண்டும். நிலப் பிரச்சினை நகரவாசிகளுக்குப் பழகிப்போன நேரத்தில், முதல்வர் ஷேன் ஸ்டோனின் அரசு குற்றத்தைக் கையில் எடுத்தது. 1997-ல் வந்த கட்டாயச் சிறைச் சட்டத்தின்படி, சொத்துக் குற்றம் எத்தனை சிறியதாக இருந்தாலும் பெரியவர்களுக்கு முதல் முறை குறைந்தது 14 நாள், இரண்டாம் முறை 90 நாள், மூன்றாம் முறை ஓராண்டு. நீதிபதி குறைக்க முடியாது. 23 டாலர் பெறுமான பிஸ்கட்டும் பழரசப் பானமும் எடுத்த பூர்வகுடி இளைஞர் ஒருவருக்கு ஓராண்டுச் சிறை விழுந்தது. 2000 பிப்ரவரியில், குரூட் ஐலாண்ட் தீவைச் சேர்ந்த 15 வயதுப் பூர்வகுடிச் சிறுவன் டார்வின் சிறார் தடுப்பு மையத்தில் தன் அறையில் தூக்கில் தொங்கினான். பேனா, பென்சில், பெயின்ட் போன்ற எழுதுபொருட்களைத் திருடியதற்கு 28 நாள் தண்டனை. விடுதலைக்குச் சில நாட்களே பாக்கி. சொந்த ஊரிலிருந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளி, தன் மொழி பேசும் பெரியவர்கள் பக்கத்தில் இல்லாத ஓர் அறையில் ஒரு பிள்ளைக்கு அந்தக் கதி நேர்ந்தது. அந்தச் சட்டத்துக்கு எந்த நியாயமும் கிடையாது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

இப்போது 1998-க்கு வருவோம். கான்பெராவின் பிடியிலிருந்து விடுபட்டு ஏழாவது மாநிலமாவது கட்சியின் நெடுநாள் கனவு. பிரதமர் ஜான் ஹோவர்ட் சம்மதித்துவிட்டார். மத்தியத் தேர்தல் நாளிலேயே பொதுவாக்கெடுப்பும் நடந்தது. மாநிலமாவதை மக்கள் விரும்புகிறார்கள் என்றே பொதுவாக எண்ணப்பட்டது. பெட்டியைத் திறந்தபோது பாதிக்குச் சற்று மேற்பட்டோர் வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். காரணம், கேட்ட விதம். பல ஆண்டுகள் சட்டமன்றக் குழு ஒன்று ஊர் ஊராகப் போய்க் கருத்துக் கேட்டு உருவாக்கிய வரைவு அரசியல் சாசனம் கையில் இருந்தது. முதல்வர் ஸ்டோன் அதை ஒதுக்கிவிட்டு, மக்கள் தேர்ந்தெடுக்காத பிரதிநிதிகளைக் கொண்டு ஒரு மாநாடு கூட்டி, அதன் பரிந்துரையை மக்கள் முன் வைத்தார். வாக்குச்சீட்டில் இருந்த கேள்வியும், மாநாடு பரிந்துரைத்துச் சட்டமன்றம் ஏற்ற சாசனம் தயாராகிவிட்ட நிலையில் நாம் மாநிலமாகலாமா என்ற தொனியில் இருந்தது. மாநிலம் வேண்டும், ஆனால் இந்தச் சாசனம் வேண்டாம் என்று நினைப்பவருக்கு அதில் இடமில்லை. நம்மைக் கேட்காமலே எல்லாம் முடிந்துவிட்டது என்ற உறுத்தல் நகரத்திலும் இருந்தது, உட்பகுதியிலும் இருந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் கால்கரிங்கியில் கூடிய பூர்வகுடித் தலைவர்கள், இந்த நிபந்தனைகளோடு மாநிலம் வேண்டாம் என்று வெளிப்படையாகவே அறிவித்திருந்தார்கள்.

பூர்வகுடிகள் எதிர்த்து வாக்களித்ததால்தான் அது தோற்றது, அவர்கள் எப்போதும் லேபருக்குப் போடுகிறவர்கள்தானே, இதில் புதிதாக என்ன இருக்கிறது என்று கேட்கலாம். கணக்கு அதற்கு இடம்கொடுக்கவில்லை. மக்கள்தொகையில் பூர்வகுடிகள் நாலில் ஒரு பங்கைச் சற்றே தாண்டுவார்கள். உட்பகுதிக் கிராமங்களில் வாக்குப்பதிவும் எப்போதும் குறைவு. சிறு விமானத்திலும் ஜீப்பிலும் நடமாடும் வாக்குச்சாவடி வந்து சில மணி நேரம் நின்றுவிட்டுப் போய்விடும். அந்த வாக்குகளை மட்டும் வைத்துப் பாதியைத் தாண்டவே முடியாது. நகரத்து வெள்ளைக்கார வாக்காளர்களில் பெருந்தொகையினர், காலமெல்லாம் அதே கட்சிக்கு வாக்களித்தவர்கள், அன்று மறுத்திருந்தால்தான் அந்த முடிவு சாத்தியம். கான்பெராவை எதிர்த்துச் சண்டைபோட இந்த அரசு வேண்டும் என்று நினைத்தவர்களே, கான்பெரா இல்லாமல் இந்த அரசின் கையில் தனியாக அகப்பட்டுக்கொள்ளத் தயாராக இல்லை. கால் நூற்றாண்டாகக் கட்சி எந்த அதிகாரத்தைக் கேட்டு வாக்கு வாங்கியதோ, அதை நீட்டியபோது மக்கள் கையை மடக்கிக்கொண்டார்கள். நான்கு மாதத்தில் ஸ்டோன் பதவி விலகினார். டெனிஸ் பர்க் முதல்வரானார். 1999 பிப்ரவரியில், அதே மாதத்தில், ஏபிசி ஒலிபரப்பில் செய்தியாளராக இருந்த கிளேர் மார்ட்டின் எதிர்க்கட்சித் தலைவரானார்.

2001-ல் லேபர் புதிதாகப் பிடித்த இடங்கள் எவை என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ஏற்கெனவே இருந்த 7 இடங்களும் கையைவிட்டுப் போகவில்லை. கூடுதலாக வந்தவை 6: காசுவரினா, ஜான்ஸ்டன், கராமா, மில்னர், நைட்கிளிஃப், சாண்டர்சன். ஆறும் டார்வின் நகரின் வடபகுதியில் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கும் குடியிருப்புகள். 1974 கிறிஸ்துமஸ் அன்று அதிகாலை டிரேசி புயல் தரைமட்டமாக்கிய பகுதி அது. நகரத்தின் 47,000 பேரில் 30,000-க்கும் மேற்பட்டோரை வெளியூர்களுக்கு ஏற்றி அனுப்ப வேண்டியிருந்தது. பிறகு மறுபடி கட்டப்பட்ட அந்த வீடுகளுக்கு அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் தாதியரும், கிரேக்கம், சீனம், பிலிப்பைன்ஸ், திமோர் வம்சாவளிக் குடும்பங்களும் வந்து சேர்ந்தார்கள். ஒரு தொகுதிக்குச் சராசரியாக 4,000 வாக்காளர்கள்தான். வேட்பாளர் ஒவ்வொரு வாசல் படியும் ஏறி இறங்கிவிட முடியும். இவர்களுக்குத் தேவைப்பட்டவை பள்ளிக்கூடம், மருத்துவமனை, நிலையான வேலை. போர்க்கோலத்தில் இருக்கும் ஓர் அரசு இவற்றைத் தருவதைவிட எதிரியைக் காட்டுவதில்தான் குறியாக இருக்கும் என்பதை அவர்கள் மூன்று ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்துவிட்டார்கள். பர்க் அதைப் புரிந்துகொள்ளவில்லை. சில தொகுதிகளில், குடியேறிகளை வெறுத்துப் பேசிய ஒன் நேஷன் கட்சிக்கு லேபரைவிட முன்னுரிமை தரும்படி தன் ஆதரவாளர்களிடம் கட்சி கேட்டுக்கொண்டது. குடியேறிகளின் பிள்ளைகள் நிறைந்த வீதிகளில் அது என்ன விளைவை உண்டாக்கும் என்று விளக்கத் தேவையில்லை.

ஆட்சேபம் ஒன்று வலுவானது. மொத்த வாக்குகளில் கன்ட்ரி லிபரல் கட்சிக்கு 45.4 சதவீதம், லேபருக்கு 40.6 சதவீதம். அதிக வாக்கு வாங்கிய கட்சியை மக்கள் நிராகரித்தார்கள் என்று எப்படிச் சொல்வது? ஆஸ்திரேலிய வாக்காளர் ஒரு சின்னத்தில் குத்திவிட்டு வருவதில்லை. வேட்பாளர்கள் எல்லோருக்கும் 1, 2, 3 என்று எண் போடுகிறார். முதல் விருப்பம் மட்டும் முடிவைத் தீர்மானிப்பதில்லை. ஆளுங்கட்சியின் வாக்குகள் ஏற்கெனவே கைவசம் இருந்த பாமர்ஸ்டன், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் தொகுதிகளில் மலைபோல் குவிந்தன. அங்கே கூடுதலாக விழுந்த ஆயிரம் வாக்கும் இடத்தைக் கூட்டவில்லை. அந்த 45 சதவீதத்தை நான் மறைக்க விரும்பவில்லை. பகை அரசியலுக்கு அன்றும் டெரிட்டரியில் பெரிய சந்தை இருந்தது என்பதற்கு அது சாட்சி. கட்டாயச் சிறைச் சட்டத்தின் மீது எழுந்த அருவருப்புதான் ஆட்சியைக் கவிழ்த்தது என்று சிலர் சொல்வதை நான் ஏற்காததும் அதனால்தான். அப்படி நம்ப எனக்கும் ஆசை. ஆனால் அந்தச் சிறுவனுக்காக டார்வின் வாக்களித்தது என்பதற்குச் சான்று இல்லை. வடக்குக் குடியிருப்புகள் தங்களுக்காகவே வாக்களித்தன. அதன் பலனில் ஒரு பங்கு அவனைப் போன்ற பிள்ளைகளுக்கும் கிடைத்தது. அக்டோபரிலேயே சொத்துக் குற்றங்களுக்கான கட்டாயச் சிறையைப் புதிய அரசு நீக்கியது.

தேசிய அலையும் ஒரு காரணம் என்பார்கள். அந்த ஆண்டு பிப்ரவரியில் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் குயின்ஸ்லாந்திலும் லேபர் வென்றிருந்தது உண்மைதான். ஆனால் மூன்று மாதம் கழித்து நவம்பரில் நடந்த மத்தியத் தேர்தலில், டார்வினும் பாமர்ஸ்டனும் சேர்ந்த சாலமன் தொகுதியைக் கன்ட்ரி லிபரல் கட்சியே வென்றது, 88 வாக்கு வித்தியாசத்தில். நடுவில் அகதிகளோடு வந்த டாம்பா கப்பல் விவகாரம் நாட்டின் மனநிலையை மாற்றியிருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அப்படியே வைத்துக்கொண்டாலும், கட்சியின் மீது அந்த நகரம் நிரந்தரமாகக் கசந்துபோகவில்லை என்பது தெரிகிறது. கான்பெராவுக்கு அதே கட்சி ஆளை அனுப்பலாம். வீட்டுப் பக்கத்தில் இருக்கும் அரசை மட்டும் அதன் கையில் கொடுக்கக் கூடாது. 1998-ல் சொன்னதும் இதுதான்.

இந்த வாசிப்புக்கு எதிர்பாராத ஒரு துணை 2012-ல் கிடைத்தது. 2005-ல் 19 இடங்களோடு உச்சத்துக்குப் போன லேபர், 2008-ல் கிராமத்துச் சிறு கவுன்சில்களைக் கலைத்து எட்டுப் பெரிய வட்டங்களாக இணைத்தது. குழாய் பழுதானாலும் குப்பை அள்ளாவிட்டாலும் முன்பு ஊருக்குள்ளேயே கேட்க ஓர் ஆள் இருந்தார். அந்த முடிவுகள் பல நூறு கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டன. 2012 தேர்தலில் டார்வினின் வடக்குக் குடியிருப்புகள் பெரும்பாலும் லேபரோடு நின்றன. கைவிட்டது உட்பகுதி. அராஃபுரா, ஆர்ன்ஹெம், டேலி, ஸ்டுவர்ட் என்று பூர்வகுடிகள் நிறைந்த தொகுதிகள், எந்தக் கட்சி தங்கள் நிலக் கோரிக்கைகளை நீதிமன்றம் நீதிமன்றமாக எதிர்த்ததோ அதே கட்சிக்குப் போயின. அடுத்த ஆண்டு அந்தக் கட்சியின் ஆடம் ஜைல்ஸ் முதல்வரானார். ஆஸ்திரேலியாவில் ஓர் அரசுக்குத் தலைமை தாங்கிய முதல் பூர்வகுடி அவர். 2016-ல் அந்தக் கட்சி 2 இடங்களுக்குச் சுருங்கியது. 2024 ஆகஸ்டில் குற்றத்தை ஒடுக்குவோம் என்ற பழைய முழக்கத்தோடு 17 இடங்கள் பெற்றுத் திரும்பி வந்தது; இம்முறை வடக்குக் குடியிருப்புகளில் ஓர் இடம்கூட லேபருக்கு மிஞ்சவில்லை. இரண்டு மாதத்தில், 12 என்று உயர்த்தப்பட்டிருந்த குற்றப் பொறுப்பு வயது மறுபடி 10 ஆக்கப்பட்டது. நான்காம் ஐந்தாம் வகுப்பில் உட்கார்ந்திருக்க வேண்டிய பிள்ளையை இன்று அங்கே கைதுசெய்யலாம், குற்றம்சாட்டலாம், அடைக்கலாம்.