எத்தனை நொடியில் விழுந்தது?

‘ரீஸ்டார்ட் மார் தோ.’ புனே ஐ.டி. அலுவலகங்களில் இரவு ஷிஃப்ட் பார்த்த யாருக்கும் காது புளித்துப்போன வாக்கியம். தளம் திறக்கவில்லையா, சர்வரை நிறுத்திப் போடு. பாதி நேரம் சரியாகியும் விடும், அதுதான் வம்பே. ஏன் விழுந்தது என்ற தடயம் அதோடு போய்விடும். அடுத்த வாரம் அதே நேரத்துக்கு அதே போன் வரும்.

நான் குடியிருப்பது லோஹேகாவில், கம்பெனி கராடியில். வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் நாட்களில் விமானப்படைத் தளத்திலிருந்து சுகோய் கிளம்பினால் பேச்சை நிறுத்திவிட்டு மியூட்டில் போட்டுக் காத்திருப்பேன். “ராத்திரியெல்லாம் முழிச்சுக்கிட்டு அப்படி என்னதான்டி பண்றே?” என்று அம்மா ஊரிலிருந்து கேட்பாள். அவளுக்குச் சொன்னதுதான் இது.

நீங்கள் மின்கட்டணம் கட்டவோ டிக்கெட் எடுக்கவோ ஒரு தளத்துக்குப் போனால், முதலில் உங்களிடம் பேசுவது வெப் சர்வர். அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் என்பவை இந்த வகை. படம், பக்கம் போன்ற சில்லறை வேலைகளை அதுவே முடித்துவிடும். கணக்குப் பார்ப்பது, பாக்கி எவ்வளவு என்று டேட்டாபேஸில் தேடுவது எல்லாம் அதற்குப் பின்னால் இருக்கும் அப்ளிகேஷன் சர்வரின் பொறுப்பு. டாம்கேட் அப்படி ஒன்று. இந்த இரண்டுக்கும் நடுவே பேச்சு அறுந்தால்தான் திரையில் பெரும்பாலும் 502 அல்லது 504 வருகிறது. வாடிக்கையாளர் மட்டுமல்ல, சில மேனேஜர்களும் அந்த எண்ணைப் பார்த்ததும் வெப் சர்வர் செத்துவிட்டது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். செத்திருந்தால் அந்த எண்ணை யார் அனுப்பியது? அது நன்றாகத்தான் இருக்கிறது. பின்னால் கேட்டேன், ஒழுங்கான பதில் இல்லை என்கிறது 502. காத்திருந்து அலுத்துவிட்டேன் என்கிறது 504.

இப்படிப் போன் வந்தால் நான் முதலில் கேட்பது, க்ளிக் செய்த எத்தனை நொடியில் விழுந்தது என்றுதான்.

உடனே விழுந்தால் ஒரு கதை, இழுத்து விழுந்தால் வேறு கதை. நாம் போன் போட்டதும் ‘ஸ்விட்ச் ஆஃப்’ என்று பதிவுக் குரல் வருவதற்கும், மணி அடித்துக்கொண்டே இருப்பதற்கும் உள்ள வித்தியாசம். கண் இமைப்பதற்குள் விழுந்தால் வெப் சர்வரின் லாகில், அதாவது பதிவேட்டில், பெரும்பாலும் 111, ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்’ என்று இருக்கும். எதிரே இயந்திரம் இருக்கிறது, நாம் தட்டிய போர்ட்டில், அதாவது அதன் கதவில், கேட்க ஆள் இல்லை. இழுத்துக்கொண்டே போய் 110, ‘டைம்ட் அவுட்’ என்று வந்தால் நடுவில் ஃபயர்வால் சத்தமில்லாமல் விழுங்குகிறதா என்று பார்க்க வேண்டும். 13 என்று வந்தால் சொந்த இயந்திரத்திலேயே தடை. ரெட் ஹேட் லினக்ஸில் எஸ்.ஈ.லினக்ஸ் காவல், வெப் சர்வர் வெளியே தொடர்பு கொள்வதை இயல்பாகவே அனுமதிப்பதில்லை. நாம் கையால் சோதித்தால் எல்லாம் ஓடும், வெப் சர்வர் கேட்டால் மட்டும் ஓடாது. பேய் பிடித்தது போலப் பலரை அலைக்கழித்திருக்கிறது இது.

உடனே விழும் ரகத்துக்கு உலகமே பார்த்த உதாரணம் 2020 பிப்ரவரியில் வந்தது. அப்பாச்சியும் டாம்கேட்டும் 8009 என்ற போர்ட்டில் ஏ.ஜே.பி. என்ற முறையில் பேசிக்கொள்ளும். அதுவரை அந்தப் போர்ட் இயல்பாகவே திறந்து கிடந்தது, ரகசியச் சொல்லும் கிடையாது. அந்த வழியாக டாம்கேட்டில் ஓடும் செயலியின் உள் கோப்புகளை வெளியாட்கள் படிக்கலாம் என்று சீனாவின் சைட்டின் நிறுவனம் கண்டுபிடித்தது. அந்த ஓட்டைக்கு கோஸ்ட்கேட் என்று பெயர். அதை அடைத்து 9.0.31, 8.5.51, 7.0.100 ஆகிய பதிப்புகள் வந்தன. அவற்றில் ஏ.ஜே.பி. இயல்பாகவே மூடியிருந்தது. பழைய அமைப்புக் கோப்பை அப்படியே போட்டுத் திறந்தாலும், ரகசியச் சொல் இல்லாவிட்டால் ஏ.ஜே.பி. கிளம்ப மறுத்தது. மீறிக் கிளம்பினாலும் தன் சொந்த இயந்திரத்திலிருந்து வரும் அழைப்பை மட்டும் கேட்டது. பாதுகாப்புக்காக நல்லபிள்ளையாக அப்டேட் போட்டவர்களின் தளங்கள்தான் விழுந்தன. போட்டது அப்டேட், கிடைத்தது 111. மார்ச் 25 முதல் ஊரடங்கும் சேர்ந்துகொள்ள, பலரும் இதை வீட்டு மேசையிலிருந்து சரிசெய்ய வேண்டியிருந்தது.

இணைப்பு கிடைத்த பிறகு சரியாக 60 நொடியில் விழுந்தால் சந்தோஷப்படலாம். என்ஜின்எக்ஸ் பதிலுக்குக் காத்திருக்கும் இயல்பான அளவு அது. இணைப்பில் கோளாறில்லை, பின்னால் யாரோ தாமதிக்கிறார்கள், பெரும்பாலும் டேட்டாபேஸ்.

எப்போதாவது மட்டும் விழுவதுதான் உயிரை வாங்கும். மொத்த வியாபாரிகள் ஆர்டர் போடும் தளம் ஒன்று. “ஸகாளி சாலத் நாஹி” என்று மராத்தியில் புகார், காலையில் ஓடுவதில்லையாம். கடை திறந்ததும் முதலில் நுழைகிற ஒருவருக்கோ இருவருக்கோ திரை அப்படியே நின்றுவிடும். பிறகு நாள் முழுக்கக் குறையில்லை. நாங்கள் பார்க்கும்போதெல்லாம் நன்றாகத்தான் இருக்கும். கடைசியில் பிடிபட்ட காரணம் இது: அங்கே வெப் சர்வரான அப்பாச்சி, டாம்கேட்டுக்கு ஒவ்வொரு முறையும் புது இணைப்பு போடாமல், பழையதையே திறந்து வைத்துப் பயன்படுத்துகிறது. இரவில் யாரும் வருவதில்லை. நடுவிலிருந்த ஃபயர்வாலோ ஒரு மணி நேரம் பேச்சில்லாத இணைப்பைத் தன் கணக்கிலிருந்து அடித்துவிடுகிறது, இரு பக்கத்துக்கும் சொல்லாமல். விடியற்காலையில் இரண்டு இயந்திரங்களிலும் பட்டியல் எடுத்துப் பார்த்தோம். இரண்டிலும் ‘எஸ்டாப்ளிஷ்ட்’, அதாவது இணைப்பு இருக்கிறது என்றே இருந்தது. உயிரில்லாத இணைப்பில் முதல் வியாபாரியின் ஆர்டர் போய் மாட்டிக்கொண்டிருந்தது.

பத்து நிமிடம் சும்மா இருக்கும் இணைப்பை இரு பக்கமும் தாமே மூடிவிட வேண்டும், ஒவ்வொரு கோரிக்கைக்கு முன்னும் ‘இருக்கிறாயா’ என்று ஒரு சின்னச் சோதனை அனுப்ப வேண்டும் என்று முடிவானது. வாடிக்கையாளர் பக்கத்துப் பையன் இரண்டு கோப்புகளிலும் 600 என்று எழுதி ஏற்றினான். அப்பாச்சி பக்கத்துக் கோப்பில் அது நொடி. டாம்கேட் கோப்பில் மில்லிநொடி. ஒரு நொடிகூடச் சும்மா இருக்க விடாமல் டாம்கேட் இணைப்புகளை வெட்டித்தள்ள, லாக் நிரம்பி வழிந்தது. மூன்று பூஜ்யம் சேர்த்ததும் அடங்கியது.